இரண்டாம் கூடத்து மணிக்கூடு

மச்சான்,

போன மாதம் சூரிச்சிலிருந்து ஒரு பெண் எங்கள் தொழிற்சாலைக்கு வந்திருந்தார். சென்னைக்காரர், நாற்பது வயதிருக்கும். வாசல்களில் இருக்கும் பழைய வருகைப் பதிவு இயந்திரங்களைக் கழற்றிவிட்டுப் புதியவற்றைப் பொருத்துவதற்காக அவருடைய நிறுவனம் அனுப்பியிருந்தது. இரண்டாம் கூடத்து வாசலில் நான் பக்கத்தில் நிற்க, அவர் இயந்திரத்தின் அமைப்புகளை மடிகணினியில் ஒவ்வொன்றாகத் திறந்து குறித்துக்கொண்டு வந்தார். நேர சேர்வர்களின் பட்டியல் வந்ததும் கையை நிறுத்தினார்.

“சார், இந்த நாலையும் யார் செலக்ட் பண்ணாங்க?”

“நான்தான்.”

“ரொம்பச் சரியா பண்ணியிருக்கீங்க. நாலும் வேற வேற ஆளுங்க நடத்துறது, எல்லாமே பக்கத்துல இருக்கு. நான் போற இடத்துல எல்லாம் ஒண்ணு இருக்கும், மிஞ்சிப்போனா ரெண்டு. இதை அப்படியே புதுசுலயும் போட்டுடறேன்.”

நன்றி சொன்னேன். முகம் சிவந்திருக்க வேண்டும். பாராட்டு வாங்கிக் கூச்சப்படுகிறேன் என்று நினைத்துச் சிரித்தார். அந்த நான்கு பெயர்களையும் நான் எந்தப் புதன்கிழமை, எந்த மதியம், எதற்காக எழுதினேன் என்பது உலகத்தில் இரண்டு பேருக்குத் தெரியும் என்றும், அதில் ஒருவன் இறந்து நான்கு வருடமாகிறது என்றும் அப்போது நினைத்துக்கொண்டேன். அதுவும் பிழை. மூன்றாவது ஆளும் இருந்தார். அதைப் பிறகு சொல்கிறேன்.

நீ இருக்கும்போது சொல்லாததை, நீ இல்லாதபோது எழுதுவதில் துணிவு எதுவும் இல்லை. நீ பதில் சொல்லமாட்டாய் என்பதால்தான் எழுத முடிகிறது.

அகதி விடுதியில் எங்கள் அறையில் நான்கு கட்டில்கள். எனக்கும் உனக்கும் ஒரே வயது, ஒரே மாதத்தில் வந்து சேர்ந்தவர்கள். நீ ஒரு வருடத்தில் ஜெர்மன் பேசத் தொடங்கிவிட்டாய். எனக்கு மூன்று வருடம் பிடித்தது. லுற்சேர்னுக்குப் பக்கத்தில் எம்மன்புரூக்கேயில் குழாய்களுக்குப் பிளாஸ்டிக் பொருத்திகள் வார்க்கும் இந்தத் தொழிற்சாலையில் நீதான் முதலில் வேலைக்குச் சேர்ந்தாய். பிறகு உன் மேற்பார்வையாளரிடம் என்னைக் கூட்டிக்கொண்டு போய், “இவன் என்னைவிட நல்ல வேலைக்காரன்” என்று ஜெர்மனில் சொன்னாய். அது பொய் என்று எனக்கு விளங்கும் அளவுக்கு அப்போது மொழி வந்திருந்தது. நான் மாலை வகுப்பில் கணினி படித்த இரண்டு வருடமும் என் பின்னேர ஷிஃப்டுகளை நீயே வாங்கிச் செய்தாய். அதனால்தான் நான் இயந்திரத்தடியிலிருந்து எழும்பி, மாடியில் கணினிப் பிரிவில் போய் இருந்தேன்.

இவ்வளவையும் எழுதிவிட்டு இதையும் எழுத வேண்டும். உன்னோடு எனக்கு ஒரு கறள், தீராத மனக்கசப்பு, இருந்தது. நேர விஷயத்தில் நீ இரக்கமில்லாதவன். சூரிச்சில் ஒரு கலியாணவீட்டுக்குப் போகும்போது, லுற்சேர்ன் நிலையத்தில் நான் இரண்டு நிமிடம் பிந்திவிட்டேன் என்று என்னை விட்டுவிட்டு நீ ஏறிப் போனாய். நகரும் ரெயினின் யன்னலில் உன் முகத்தைப் பார்த்தேன். நீ கையைக் கூடக் காட்டவில்லை. அங்கே மண்டபத்தில் எல்லோருக்கும் முன்னால், “ரெயின் என்ன உன்ர வீட்டுக் காரோ, நீ வருமட்டும் நிக்க?” என்று கேட்டாய். எல்லோரும் சிரித்தார்கள். என் மனைவியும் சிரித்தாள். நீ பிந்தி வருகிறாய் என்று தொழிற்சாலையிலிருந்து உனக்கு முதல் எச்சரிக்கைக் கடிதம் வந்தபோது, எனக்குள் எங்கோ ஒரு மூலையில் சந்தோஷமாக இருந்தது. அதை நான் இதுவரை என்னிடமே ஒத்துக்கொண்டதில்லை.

வேலை விவரத்தை நான் உனக்குச் சரியாகச் சொன்னதே இல்லை. கேள்.

கணினிக்குள் இருக்கும் மணிக்கூடு தானாகச் சரியாக ஓடாது. நாளுக்குச் சில விநாடி முந்தும், அல்லது பிந்தும். அதனால் அது நம்பகமான வேறு கணினிகளிடம் அடிக்கடி நேரம் கேட்டுத் தன்னைத் திருத்திக்கொள்கிறது. அப்படி நேரம் சொல்லும் கணினிதான் நேர சேர்வர். யாரிடம் கேட்க வேண்டும் என்பதை என்னைப் போன்ற ஒருவன் தெரிந்தெடுத்து எழுதி வைக்க வேண்டும். ஒன்றை மட்டும் எழுதினால், அது பிழை சொன்னாலும் நம்ப வேண்டியதுதான். இரண்டை எழுதினால், இரண்டும் வேறு வேறு நேரம் சொல்லும்போது எது சரி என்று தெரியாது. மூன்று இருந்தால் பிழையானதைக் கண்டுபிடிக்கலாம். நான்கு இருந்தால், ஒன்று நின்றுபோனாலும் மிச்சம் மூன்று இருக்கும். இதெல்லாம் வகுப்பில் முதல் வாரமே சொல்லித் தந்தது. எனக்கு நன்றாகத் தெரியும்.

இரண்டாம் கூடத்து வாசல் இயந்திரத்தில் இதற்கென்று நான்கு கட்டங்கள் இருந்தன. நான் இரண்டை நிரப்பினேன். ஒன்று வெளியே இருக்கும் நல்ல சேர்வர். மற்றது, எங்கள் நிலக்கீழ் அறையில் கிடந்த பழைய கணினி. வெளித் தொடர்பு இல்லாவிட்டால் உன் சொந்த மணிக்கூட்டையே பார்த்துச் சொல் என்று அந்தப் பழையதற்கு நானே ஒரு வரி எழுதிவைத்திருந்தேன். அன்று வெள்ளிக்கிழமை. மகனின் உதைபந்தாட்டத்துக்கு நேரமாகியிருந்தது. மிச்சக் கட்டங்களைத் திங்கட்கிழமை நிரப்பலாம் என்று நினைத்தேன். நிரப்பவில்லை.

மூன்று வருடம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு பாதுகாப்புக்காகத் தொழிற்சாலைக் கூடங்களின் வலையமைப்பை அலுவலகத்திலிருந்து பிரித்தோம். பிரித்ததும் இரண்டாம் கூடத்து இயந்திரத்துக்கும் பழைய கணினிக்கும் வெளியுலகம் அடைபட்டுப் போனது. பழையது தன்னை நம்பிக்கொண்டு நாளுக்கு நான்கு விநாடி முந்தி ஓடியது. வாசல் இயந்திரம் அதை நம்பிக்கொண்டு கூடவே ஓடியது. வேலை முடிந்ததும் ஒரு சரிபார்ப்புத் தாளில், ‘எல்லா இயந்திரங்களிலும் நேரம் பார்க்கப்பட்டது’ என்ற வரிக்குப் பக்கத்தில் நான் சரி போட்டுக் கையெழுத்து வைத்தேன். ஒரு வாசலுக்கும் நான் போகவில்லை.

உன் பஸ் ஆறு மணி ஷிஃப்டுக்கு உன்னை நான்கு நிமிடம் முந்தி வாசலில் விடும். வருடக்கணக்காக அதே பஸ், அதே நான்கு நிமிடம். காரில் வருகிறவர்கள் கால் மணித்தியாலம் முந்தி வந்து சிகரெட் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அவர்களுக்கு அது தெரியவில்லை. பின்னேரம் வெளியே போகும்போது நான்கைந்து நிமிடம் முந்திப் போகிறோம் என்று ஒருவரும் முறையிடவில்லை. இரண்டு மாதம் போனதும் அந்த நான்கு நிமிடத்தையும் இயந்திரம் தின்றுவிட்டது. தினமும் பிந்தி வருகிறவன் என்று மேற்பார்வையாளரின் பட்டியலில் உன் பெயர் மட்டும் வரத் தொடங்கியது.

இரண்டாவது எச்சரிக்கைக் கடிதம் வந்த அன்று, இடைவேளையில் மாடிக்கு ஏறி என்னிடம் வந்தாய். வேலை உடுப்போடு வந்து கதவடியில் நின்றது நினைவிருக்கிறது.

“மச்சான், உங்கட மணி பிழை.”

நான் என் திரையைத் திருப்பிக் காட்டினேன். உன் கைக்கடிகாரம் வானொலிச் சமிக்ஞையில் தானாகத் திருந்துவது. இரண்டும் விநாடி பிசகாமல் ஒன்றாக இருந்தன.

“பார். சரியாத்தானே கிடக்கு.”

“உன்ர மேசையில சரி. கதவடியில வந்து பார்.”

“எல்லாம் ஒரே இடத்திலயிருந்துதான் நேரம் எடுக்குது. உனக்கு விளங்காது.”

“ரண்டு நிமிச நடை. வா.”

“இஞ்ச வேலை கிடக்கு. நீ முந்தின பஸ்ஸில வந்தா என்ன?”

நீ என்னைப் பார்த்தாய். முந்தின பஸ் என்பது அரை மணித்தியாலம் முந்தி. நீ திரும்பிப் படியிறங்கிப் போனாய். அன்றைக்கு எனக்கு உண்மையிலேயே தெரியாது, மச்சான். ஆனால் உனக்கு விளங்காது என்று சொன்னபோது எவ்வளவு நிறைவாக இருந்தது என்பது எனக்குத் தெரியும். இத்தனை வருடத்தில் நேரத்தைப் பற்றி உனக்கு நான் புத்தி சொன்ன முதல் நாள் அது.

அடுத்த திங்கட்கிழமை உன்னை வெள்ளிக்கிழமை நிர்வாகத்துக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்தது. விரும்பினால் நம்பிக்கையான ஒருவரைக் கூட்டி வரலாம் என்று அதில் இருந்தது. நீ என்னைக் கேட்டாய்.

“மணிக்கூட்டைப் பற்றித் தெரிஞ்சவன் நீதானே. நீ பாத்துச் சொன்னால் அவை நம்புவினம்.”

வருகிறேன் என்றேன். கேட்டால் உறுதியாகச் சொல்ல வேண்டுமே என்று, புதன்கிழமை மதியம் இரண்டாம் கூடத்து வாசலுக்குப் போனேன். இயந்திரத்தின் முகத்தையும் என் தொலைபேசியையும் மாறி மாறிப் பார்த்தேன். ஐந்து நிமிடம் நாற்பது விநாடி முந்தியிருந்தது.

அந்த இடத்தில் நான் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. அந்த மாதம் எங்கள் பிரிவை வெளி நிறுவனம் ஒன்றுக்குக் கொடுக்கப் போகிறார்கள், இருக்கும் இரண்டு பேரில் ஒருவர்தான் மிஞ்சுவார் என்று ஒரு கதை ஓடிக்கொண்டிருந்தது. சரிபார்ப்புத் தாளில் என் கையெழுத்து இருந்தது. மேலே போய் ஒரு தொலைபேசி அழைப்பு எடுத்திருந்தால் போதும். நான் மேலே போனேன், நான்கு கட்டங்களையும் திறந்தேன், உள் வலையமைப்பிலிருந்து வெளியே போக ஒரு வழி செய்தேன், நான்கு நல்ல சேர்வர்களைத் தேடி எடுத்தேன். ஒன்று பல்கலைக்கழகத்தினுடையது. ஒன்று அரசினுடையது. மற்ற இரண்டும் தூரத்தில் இல்லாதவை, வேறு வேறு கைகளில் இருப்பவை. அவ்வளவு கவனமாக நான் என் வாழ்க்கையில் எந்த வேலையும் செய்ததில்லை. இயந்திரத்தை நிறுத்தித் திரும்ப இயக்கினேன். நேரம் சரியாகிவிட்டது. ஒருவரிடமும் சொல்லவில்லை. பிறகு மதியச் சாப்பாடு சாப்பிட்டேன்.

வெள்ளிக்கிழமை அந்த அறையில் நாங்கள் நான்கு பேர். நிர்வாகப் பெண், உன் மேற்பார்வையாளர், நீ, நான். நீ சலவை செய்த நீலச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தாய்.

அந்தப் பெண் கெட்டவர் இல்லை. உன்னை வேலையை விட்டு அனுப்பவும் அவர் விரும்பவில்லை. ஒரு தாளை நீட்டி, “பிந்தி வந்ததை ஒப்புக்கொள்கிறேன், இனி நேரத்துக்கு வருவேன் என்று கையெழுத்து வையுங்கள். இதோடு முடித்துக்கொள்வோம்” என்றார். பிறகு உன்னைப் பாராட்டுவதுபோல, “நேற்றும் இன்றும் நீங்கள் நேரத்துக்கு வந்திருக்கிறீர்கள். அதாவது, நினைத்தால் உங்களால் முடிகிறது” என்றார்.

நான் திருத்திய மணிக்கூடு உனக்கு எதிராகச் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தது.

நீ சட்டைப் பையிலிருந்து சிறிய குறிப்புப் புத்தகம் ஒன்றை எடுத்தாய். அப்படி ஒன்று நீ வைத்திருந்தது எனக்குத் தெரியாது. தினமும் உள்ளே வரும்போது உன் கைக்கடிகாரத்துக்கும் இயந்திரத்துக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று மூன்று வாரமாக எழுதியிருந்தாய். ஜெர்மனில் நிதானமாக வாசித்தாய். நாளுக்கு நாள் ஏறிக்கொண்டு போன விநாடிகள். புதன் காலை ஐந்து நிமிடம் நாற்பது. வியாழன் காலை ஒன்றும் இல்லை. வெள்ளி காலை ஒன்றும் இல்லை.

நிர்வாகப் பெண் என் பக்கம் திரும்பினார். “நீங்கள் கணினிப் பிரிவு. இயந்திரத்தின் நேரம் பிழையாக இருந்திருக்கலாமா?”

“இல்லை,” என்றேன். “அது நேர சேர்வர்களோடு ஒத்திசைந்து ஓடுகிறது. பிழை வராது.”

நீ புத்தகத்தை மூடினாய். அதுவரை ஜெர்மனில் கதைத்தவன் தமிழுக்கு மாறினாய்.

“மச்சான், புதன்கிழமை ஆரோ திருத்தியிருக்கினம்.”

நான் மேசையில் கிடந்த தாளைப் பார்த்தேன்.

“நீ திருத்தினனியோ?”

“இல்லை.”

“உண்மையாவோ?”

“ஓம்.”

“என்ன சொல்கிறார்?” என்று அந்தப் பெண் கேட்டார்.

“தனக்கு மனவருத்தமாக இருக்கிறதாம்,” என்று நான் ஜெர்மனில் சொன்னேன்.

உனக்கு என்னைவிட நன்றாக ஜெர்மன் தெரியும். நான் சொன்ன ஒவ்வொரு சொல்லும் உனக்கு விளங்கியது. நீ மறுக்கவில்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாய், அவ்வளவுதான். கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

“வையடா கையெழுத்தை,” என்றேன். “வைச்சா எல்லாம் முடிஞ்சுது. பேசாமல் வை.”

“பொய்யெண்டு தெரிஞ்சுகொண்டு நான் வைக்கேலாது.”

பேனையை மூடித் தாளின் மேல் வைத்தாய். எழுந்து அந்தப் பெண்ணுக்குக் கை கொடுத்தாய். மேற்பார்வையாளருக்குக் கை கொடுத்தாய். எனக்கும் கை கொடுத்தாய். இருபது வருடத்தில் நாங்கள் இரண்டு பேரும் கை குலுக்கியது அன்று ஒரு நாள்தான்.

வேலை நீக்கக் கடிதம் அடுத்த வாரம் வந்தது. பிறகு வேலைச் சான்றிதழ் வந்தது. உழைப்பாளி, துப்புரவானவர், எல்லோருடனும் ஒத்துப்போகிறவர் என்று எல்லாம் நல்லதாகவே எழுதியிருந்தார்கள். நேரம் தவறாதவர் என்ற சொல் மட்டும் இல்லை. இந்த நாட்டில் சான்றிதழில் இருப்பதை ஒருவரும் வாசிப்பதில்லை, இல்லாததைத்தான் வாசிக்கிறார்கள். நீ விண்ணப்பித்த இடங்களில் எல்லாம் அந்த இல்லாத சொல்லை வாசித்தார்கள். அந்த வருடம்தான் நீயும் உன் மனைவியும் பிள்ளைகளும் குடியுரிமைக்கு விண்ணப்பித்திருந்தீர்கள். கெமைண்ட எனப்படும் ஊராட்சி அலுவலகத்தில் நேர்முகத்துக்கு நாளும் குறித்திருந்தார்கள். வேலை இல்லாதவனுக்கு அதைத் தள்ளி வைப்பது நல்லது என்றார்கள். தள்ளி வைத்தது தள்ளியே போனது.

எம்மன்புரூக்கேயில் தமிழ்க் கடையில் ஒருவர் என்னிடம் கேட்டார், “ஏன் அவனை நிப்பாட்டினவங்கள்?” கையில் முருங்கைக்காய்க் கட்டோடு நின்ற நான், “என்ன செய்யிறது, நேரத்துக்குப் போயிருந்தா ஏன் நிப்பாட்டப் போறாங்கள்” என்றேன். ஒருவரும் என்னை வற்புறுத்தவில்லை. வாய் தானாகச் சொன்னது. ஒரு மாதத்துக்குள் அது உன் காதுக்கும் வந்திருக்கும். மற்றவர்களுக்கு நேரம் சொல்லிக்கொண்டு திரிந்தவன் பிந்திப் போய் வேலையை இழந்தான் என்று கலியாணவீடுகளில் சிரித்தார்கள். நானும் அந்த மேசைகளில் இருந்தேன்.

நீங்கள் லோசானுக்குப் போனீர்கள். உன் மனைவியின் தம்பி அங்கே ஒரு மருத்துவமனைச் சலவைப் பகுதியில் உனக்கு வேலை எடுத்துத் தந்தான். உன் ஜெர்மன் அங்கே ஒன்றுக்கும் உதவவில்லை. ஐம்பதை நெருங்கும் வயதில் பிரெஞ்சு படித்தாய். தைப்பொங்கலுக்கும் தீபாவளிக்கும் எனக்குத் தொலைபேசி எடுப்பாய். “எப்பிடி இருக்கிறாய், பிள்ளையள் என்ன செய்யினம், அங்க பனியோ” என்று கேட்பாய். அந்தப் பதினைந்து நிமிடங்களைப் போல நான் எதையும் வெறுத்ததில்லை. ஏசுவாய் என்று ஒவ்வொரு முறையும் காத்திருந்தேன். நீ ஏசவில்லை. ஐந்தாம் வருடம் மனைவியை எடுக்கச் சொல்லி, நான் வீட்டில் இல்லை என்று சொல்லவைத்தேன். நான் அவளுக்கு எதிரே சோபாவில் இருந்தேன். அதற்குப் பிறகும் நீ எடுத்தாய். அவளிடமே சுகம் விசாரித்துவிட்டு வைத்தாய்.

வேலை முடிந்து மெட்ரோவுக்கு நடந்துபோகும் வழியில் விழுந்தாய் என்று உன் மைத்துனன் சொன்னான். பின்னேரம் நான்கு மணி. இதயம். மருத்துவமனைக்குப் பக்கத்திலேயே விழுந்தும் காப்பாற்ற முடியவில்லை. தகனத்துக்கு வந்தேன். கடைசி வரிசையில் நிற்கத்தான் நினைத்தேன். உன் மகள் ஆரணி என்னைக் கண்டதும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடிவந்து கட்டிப்பிடித்தாள். “மாமா, அப்பா உங்களைப் பற்றித்தான் எப்பவும் கதைக்கிறவர்” என்று அழுதாள். என்ன கதைத்தாய் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

இப்படி நான்கு வருடம். பிறகு அந்தச் சென்னைப் பெண் வந்து என்னைப் பாராட்டிவிட்டுப் போனார். அடுத்த நாள் நான் நடந்ததை எல்லாம் ஜெர்மனில் இரண்டு பக்கம் எழுதி, கையெழுத்து வைத்து, நிர்வாகத்தில் கொடுத்தேன். என் வேலை போகும் என்று மனைவியிடம் சொல்லிவிட்டுத்தான் கொடுத்தேன். அவளுக்கும் அன்றுதான் எல்லாம் தெரியவந்தது. அவள் இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை.

இப்போது நிர்வாகத்தில் இருப்பவர் புதியவர், என்னைவிட இளையவர். கூப்பிட்டார். இரண்டு பக்கத்தையும் முன்னால் வைத்திருந்தார்.

“இதை ஏன் அப்போதே சொல்லவில்லை?”

“வேலை போய்விடும் என்று பயந்தேன். எங்கள் பிரிவை வெளியே கொடுக்கப் போவதாகக் கதை இருந்தது.”

அவர் பழைய கோப்பு ஒன்றைப் புரட்டினார். “அந்த யோசனையை அந்த வருடம் கோடைக்கு முன்பே கைவிட்டிருக்கிறார்களே.”

நீ அந்த அறையில் இருந்தது இலையுதிர் காலத்தில். எங்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றியிருக்காது.

“மணிக்கூடு பிழையாக ஓடினால் திருத்துவோம். அதற்காக ஒருவரை வேலையை விட்டு அனுப்புவோமா?” என்றார். அவர் என்னைக் குத்திக் கேட்கவில்லை, உண்மையாகவே விளங்காமல்தான் கேட்டார். சட்டப்படி காலம் கடந்துவிட்டது, என் மீது நடவடிக்கை எதுவும் எடுக்கப்போவதில்லை, ஆனால் உன் சான்றிதழைத் திருத்தித் தருவதில் தனக்கு ஆட்சேபம் இல்லை என்றார். நான் கதிரையில் இருக்கும்போதே அச்செடுத்தார். நேரம் தவறாதவர். அந்தச் சொல்லைச் சேர்க்கப் பத்து நிமிடம் பிடித்தது.

அதை எடுத்துக்கொண்டு சனிக்கிழமை லோசானுக்குப் போனேன். உன் மனைவி கதவைத் திறந்து, உள்ளே வரச்சொல்லித் தேத்தண்ணி வைத்தார். எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லி முடிக்கும்வரை குறுக்கே ஒன்றும் கேட்கவில்லை. சான்றிதழை நீட்டினேன். வாசித்தார். புதிய சொல் இருக்கும் இடத்தில் விரலை வைத்தார்.

“இந்த ஒரு சொல்லுக்கோ?”

“ஓம்.”

“எனக்கு இது தெரியும்,” என்றார். “அண்டைக்கு வீட்ட வந்து சொன்னவர். அவன்தான் திருத்தினவன், அவன்ர கண்ணில தெரிஞ்சது எண்டு.”

என்னால் அவரைப் பார்க்க முடியவில்லை.

“நான் சொன்னன், போய்ச் சொல்லுங்கோ, வழக்குப் போடுங்கோ எண்டு. மாட்டன் எண்டிட்டார். அவனுக்கும் பிள்ளையள் இருக்கு, அவனும் இல்லாட்டி எனக்கு இந்த நாட்டில ஆர் இருக்கினம் எண்டு கேட்டவர். அதுக்குத்தான் உங்களுக்கு ரெலிபோன் எடுத்தவர். எடுத்து முடிய ஒரு மணித்தியாலம் ஒருத்தரோடயும் கதையார்.”

“என்னை மன்னிக்க வேணும்.”

“அவர் எப்பவோ மன்னிச்சிட்டார். எனக்கு அது ஏலாது.” சான்றிதழை மடித்து மேசையில் வைத்தார். “நீங்கள் இதைக் கொண்டுவந்து தந்திட்டு ஆறுதலாப் போகலாம் எண்டு வந்தனீங்கள்.”

“ஆரணியிட்டயும் நானே சொல்லிறன்.”

“சொல்லக்கூடாது.” குரல் உயரவில்லை. “பிள்ளையளுக்குத் தெரியக்கூடாது எண்டு அவர் என்னட்டச் சத்தியம் வாங்கினவர். மாமா எண்டு கூப்பிட அவையளுக்கு வேற ஆக்கள் இல்லை எண்டவர். நீங்கள் சொன்னா உங்களுக்குப் பாரம் குறையும். அவளுக்கு இருக்கிற ஒரு மாமாவும் இல்லாமல் போகும். வேண்டாம். நீங்களே வைச்சிருங்கோ.”

இதற்குள் ஆரணி வேலை முடிந்து வந்துவிட்டாள். உன் நெற்றி, உன் நடை. என்னைக் கண்டதும் பையைக் கீழே போட்டுவிட்டு வந்து கட்டிப்பிடித்தாள்.

“மாமா, நான் உங்களுக்கு ரெலிபோன் எடுக்க இருந்தனான். அம்மா சொன்னவவோ?”

“என்னம்மா?”

“ஆவணியில கலியாணம். சூரிச்சில மண்டபம் எடுத்திட்டம்.” தாயைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது. “அப்பான்ர இடத்தில நீங்களும் மாமியும் நிண்டு தாரை வாத்துத் தரவேணும். வேற ஆரும் வேண்டாம் எண்டு அம்மாட்டச் சொல்லிப்போட்டன்.”

நான் உன் மனைவியைப் பார்த்தேன். மறுத்துவிடுவார் என்று நம்பினேன். அப்படி நம்பியபடியே பார்த்தேன். அவர் தேத்தண்ணிக் கோப்பையை என் பக்கம் நகர்த்தினார்.

“மாமா செய்வார்,” என்றார். “குடியுங்கோ, ஆறுது.”

குடித்தேன், மச்சான். சரி என்றும் சொன்னேன்.

மனைவிக்குப் பட்டுச் சேலை எடுத்தாகிவிட்டது. எனக்கு வேட்டி வாங்கியாகிவிட்டது. ஆரணி வாரத்துக்கு இரண்டு முறை எனக்குத் தொலைபேசி எடுக்கிறாள். மண்டபம், சாப்பாடு, ஐயர் வரும் நேரம் எல்லாவற்றுக்கும் என்னிடம்தான் யோசனை கேட்கிறாள். அப்பா இருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று கேட்கிறாள். நீ என்ன சொல்லியிருப்பாய் என்று எனக்குத் தெரியும், சொல்கிறேன். அவள் சிரிக்கிறாள். சில நேரம் மறுமுனையில் சத்தமில்லாமல் போகிறாள். அழுகிறாள் என்று விளங்கும். அவள் அழுது முடியும்வரை நான் தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு இருக்கிறேன். ஆவணியில் அந்த மண்டபத்தில், நீ நிற்க வேண்டிய இடத்தில் நின்று, உன் மகளின் கையை எடுத்துக் கொடுப்பேன். அப்போது அவள் உன்னை நினைத்து அழுவாள். என் தோளில் சாய்ந்துதான் அழுவாள்.